ஒரே ஒரு டேப், 31 பிள்ளைகள்: எங்கே தொடங்குவது?

கேள்வி: ஐயா, நான் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. 1 முதல் 3 வரையான வகுப்புகள் என் பொறுப்பு, மொத்தம் 31 பிள்ளைகள். அரசு கொடுத்த டேப் ஒன்று இருக்கிறது. இதுவரை கல்வித் துறையின் எமிஸ் தளப் பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும்தான் அதை எடுக்கிறேன். சில நாள் பாட்டு, கதை வீடியோ போட்டுக் காட்டுவேன். அண்மையில் ஒரு பயிற்சியில், பிள்ளைகளே டிஜிட்டல் கருவிகளைக் கொண்டு கதையும் படமும் அனிமேஷனும் செய்ய வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு டேப்பை வைத்துக்கொண்டு 31 பேருக்கு என்ன செய்ய முடியும்? பெற்றோரோ, "வீட்டில் போனைப் பிடுங்கி வைக்கிறோம், பள்ளிக்கூடத்தில் நீங்களே கொடுப்பீர்களா?" என்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள் என் வகுப்பில் பாதிப் பேர். அவர்களை அப்படியே விட்டுவிட்டு அனிமேஷன் செய்வது நியாயமா? எந்தச் செயலியில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

— ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: டீச்சர், உங்கள் கேள்விகளில் கடைசிக்கு முந்தையதுதான் முக்கியமானது. அதிலிருந்தே வருகிறேன். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளுக்குத்தான் இந்த வேலை முதலில் தேவைப்படுகிறது. மற்றவர்களுக்கு அது கூடுதல் வாய்ப்பு. இவர்களுக்கோ, வகுப்பில் தனக்கும் சொல்ல ஒரு விஷயம் உண்டு என்று காட்ட அதுவே வழி.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு தொலைந்துபோன கதையை மூச்சு விடாமல் சொல்லும். கேழ்வரகுக் கொல்லைக்குள் ஆடு எப்படிப் போனது, கொல்லைக்காரர் என்ன திட்டினார், அப்பா எப்படிச் சமாதானம் பேசினார் என்று எல்லாம் வரும். அதே பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னால், "ஆடு வந்தது" என்பதோடு பென்சில் நின்றுவிடும். அந்த வயதில் பேசும் திறனுக்கும் எழுதும் திறனுக்கும் நடுவே அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது. நம் மதிப்பீடெல்லாம் பள்ளத்தின் எழுத்துக் கரையில் நின்றுகொண்டு பிள்ளையை அளக்கிறது. அதனால், பிள்ளைக்குள் இருக்கும் மொழி நம் கண்ணில் படாமலே போகிறது.

ஆகவே, எந்தச் செயலி என்று கேட்டீர்கள் அல்லவா? டேப்பிலேயே இருக்கும் குரல் பதிவுக் கருவிதான் என் முதல் பதில். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, இணையமும் தேவையில்லை. ஐந்து பேரை மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். ஒருவர் தன் கதையைச் சொல்லட்டும், பதிவு செய்யுங்கள். உடனே போட்டுக் காட்டுங்கள். தன் குரலை முதன்முறை கேட்கும் பிள்ளை வெட்கப்படும், சிரிக்கும். சிரித்து முடித்ததும், "டீச்சர், இன்னொரு தடவை சொல்றேன்" என்று அதுவே கேட்கும். அந்த இடத்தை நழுவ விடாதீர்கள். தான் சொன்னதைத் தானே கேட்டு, போதவில்லை என்று உணர்ந்து, மாற்றிச் சொல்வதற்குப் பெயர்தான் திருத்தி எழுதுதல். நோட்டில் நாம் சிவப்பு மையால் செய்ய நினைத்து முடியாமல் போவது, இங்கே பிள்ளையின் விருப்பத்தால் நடக்கிறது.

முதல் பதிவையும் நான்காம் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் "அப்புறம்… அப்புறம்…" என்றே வாக்கியங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். போகப் போக "அதனாலே", "ஆனா", "அதுக்குள்ள" என்ற இணைப்புகள் வரத் தொடங்கும். காரணமும் விளைவும் பிள்ளையின் பேச்சில் முளைக்கின்றன என்று அதற்குப் பொருள். இதற்கு மதிப்பெண் போட வேண்டாம். தேதியைக் குறித்துக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பிள்ளையின் பேச்சைப் பாட நூல் தமிழாக மாற்றாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தச் சொற்கள் கதைக்குள் வந்தால் வரட்டும். நியூசிலாந்தின் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த சில்வியா ஆஷ்டன் வார்னர், அவரவர் கேட்கும் சொல்லையே அட்டையில் எழுதித் தந்து வாசிப்பைத் தொடங்கிவைத்தார். அந்த அனுபவத்தைத்தான் 1963-ல் வெளியான 'டீச்சர்' என்ற நூலில் விரிவாகச் சொல்கிறார். நீங்களும் அதைச் செய்யலாம். பதிவைக் கேட்டபடியே பிள்ளை சொன்ன நாலு வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். தான் சொன்னது என்பதால் அடுத்து வரப்போகும் சொல் பிள்ளைக்கு முன்பே தெரியும். அந்தத் தெம்பில் எழுத்தின் மேல் விரல் வைத்து ஓட்டிப் படிக்கும்.

அடுத்தது, 'ஒரே ஒரு டேப்' என்ற கவலை. இதற்கு நூறாண்டுக்கு முந்தைய ஒரு கிராமப் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தென்கிழக்கு பிரான்ஸில் பார்-சுர்-லூ என்ற மலைக்கிராமம். அங்கே ஆசிரியராக இருந்தவர் செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பியவர். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் முடியாது. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவார். ஊரில் நெசவு, தச்சு, வயல் வேலை எல்லாம் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் சொல்வதை எழுதவைப்பார். 1924-ல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பறைக்குள் வைத்தார். பிள்ளைகள் எழுதியவற்றில் ஒன்றை வகுப்பே தேர்ந்தெடுக்கும். எல்லாரும் சேர்ந்து திருத்துவார்கள். ஒருவர் ஈய எழுத்துகளைக் கோப்பார், ஒருவர் மை தடவுவார், ஒருவர் தாள் வைப்பார், ஒருவர் அழுத்துவார். 1926 முதல் அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டனி கடற்கரையில் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போயின. மலைப் பிள்ளைகள் எழுதியதைக் கடற்கரைப் பிள்ளைகள் படித்தார்கள், பதிலும் எழுதினார்கள். பின்னாளில் பல நாடுகளில் பரவிய ஒரு கல்வி இயக்கம் இந்த ஒற்றை இயந்திரத்திலிருந்து பிறந்தது.

அந்த வகுப்பில் ஆளுக்கொரு இயந்திரம் இருந்திருந்தால், கூடித் திருத்தவும் வேலையைப் பங்கிடவும் என்ன அவசியம் இருந்திருக்கும்? கருவி ஒன்றே ஒன்றாக இருந்ததால்தான் அதைச் சுற்றிப் பேச்சு நடந்தது. ஆறேழு வயதில் மொழி வளர்வது அந்தப் பேச்சில்தான். அதனால் டேப் ஒன்றுதான் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். இரண்டு கொடுத்தாலும் ஒன்றை அலமாரியில் வைக்கச் சொல்வேன்.

ஃப்ரெனேயிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் செய்வதை யாராவது பார்க்கவோ கேட்கவோ வேண்டும். ஆசிரியர் மட்டும் பார்த்தால் அது வீட்டுப்பாடம். பக்கத்து ஒன்றியத்தில் உங்களோடு படித்த ஆசிரியை யாராவது இருப்பார்கள். அவர் வகுப்புக்கு உங்கள் பிள்ளைகளின் கதையை அனுப்புங்கள், அங்கிருந்து ஒரு கதையை வரவழையுங்கள். "எங்க ஊர்ல கேழ்வரகு கிடையாது, அது எப்படி இருக்கும்?" என்று அங்கே ஒரு பிள்ளை கேட்டால், உங்கள் வகுப்பு ஒரு வாரம் அதற்குப் பதில் தயாரிக்கும்.

இப்போது அனிமேஷனுக்கு வருவோம். ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற இலவசச் செயலியை நம்பி எடுக்கலாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரினா பெர்ஸின் குழுவும், எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழுவும், பிளேஃபுல் இன்வென்ஷன் கம்பெனியும் சேர்ந்து 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. 2014-ல் ஐபேடுக்கும் அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு டேப்புக்கும் வந்தது. பிள்ளைகள் கணினிக்குக் கட்டளை கொடுத்துத் தாங்களே ஒன்றை ஆக்க வேண்டும் என்பது 1967-ல் லோகோ மொழியோடு தொடங்கிய சிந்தனை. சீமோர் பேப்பெர்ட்டும் சிந்தியா சாலமனும் வாலி ஃபோயர்ஸைகும் செய்த அந்த வேலையின் பேரப்பிள்ளை இது.

இதை நான் பரிந்துரைக்கக் காரணம், கட்டளைக் கட்டைகளில் எழுத்துக்குப் பதில் படங்கள் இருப்பது. வலப்பக்க அம்பு என்றால் வலப்பக்கம் நகரும், மைக் படம் என்றால் பதிவு செய்த குரல் ஒலிக்கும், பச்சைக் கொடி என்றால் தொடங்கும். கட்டைகளை இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். படிக்கும் திசையும் அதுவே. கணக்கு திறக்கத் தேவையில்லை, விளம்பரம் இல்லை, நிறுவிய பிறகு இணையமும் வேண்டாம். டேப்பில் புதிய செயலி போட அனுமதி வேண்டியிருந்தால் தலைமையாசிரியர் மூலம் கேட்டுவிடுங்கள்.

ஒரு திட்டத்தில் நான்கு பக்கங்கள் வரை வைக்கலாம். நாலு பக்கம் என்றால் நாலு காட்சி. ஆடு கட்டுத்தறியில் நிற்கிறது, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கொல்லைக்குள் போகிறது, கொல்லைக்காரர் வருகிறார், ஆடு வீட்டுக்கு வருகிறது. இதை முதலில் தாளில் செய்யவையுங்கள். ஓர் ஏ4 தாளை நாலாக மடித்தால் நாலு கட்டம் கிடைக்கும். படம் வரைந்து, கதை தீர்மானமான பிறகே டேப் வெளியே வர வேண்டும். இந்த ஒழுங்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெறுங்கையோடு டேப்பின் முன் உட்காரும் குழு, செயலியில் ஏற்கெனவே இருக்கும் பூனையையும் பறவையையும் ஓடவிட்டு வேடிக்கை பார்த்து நேரத்தைக் கழித்துவிடும். தாளில் ஆட்டை வரைந்து கொண்டுவந்த குழுவுக்கு அந்தப் பூனை தேவைப்படாது. செயலியின் வரைபலகையில் ஒரு வடிவத்தைப் போட்டு, கேமராப் பொத்தானைத் தொட்டால் தாளில் வரைந்த ஆடு அந்த வடிவத்துக்குள் வந்து உட்காரும்.

திரையில் கட்டங்களைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அகலத்தில் 20 கட்டம், உயரத்தில் 15. ஆடு 4-ஆம் கட்டத்தில் நிற்கிறது, வேலி 11-ஆம் கட்டத்தில் இருக்கிறது. எத்தனை அடி நகர்த்த வேண்டும்? ஒரு பிள்ளை 11 என்று போடும். ஆடு வேலியைத் தாண்டிப் போய்விடும். குழு சிரிக்கும், எண்ணும், 7 என்று கண்டுபிடிக்கும். கழித்தல் கணக்கை நீங்கள் நடத்தவில்லை, தப்பு என்று யாரும் குட்டவும் இல்லை. ஆடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். தொடக்க வகுப்பில் தவறைப் பயமில்லாமல் பார்க்கும் பழக்கத்தை இதைவிட எளிதாகத் தரும் வேறு கருவியை நான் அறியேன்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் நீங்கள் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைத்துப் பழகியிருப்பீர்கள். வாசிப்புப் பயிற்சிக்கு அந்தப் பிரிவு பொருந்தும். ஆக்கும் வேலைக்கு அதைக் கலைத்துவிடுங்கள். அரும்பு நிலைப் பிள்ளையும் மலர் நிலைப் பிள்ளையும் ஒரே குழுவில் இருக்கட்டும். கதை சொல்வதிலும் குரல் கொடுப்பதிலும் ஆட்டை வரைவதிலும் அரும்பு நிலைப் பிள்ளை முன்னே நிற்பதைப் பார்ப்பீர்கள். ஆண்டு முழுவதும் தன்னைப் பின்தங்கியவன் என்றே அறிந்திருந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐவர் ஐவராகப் பிரித்தால் ஆறு குழு வரும், ஒன்றில் மட்டும் ஆறு பேர். ஒரு நாளைக்கு ஒரு குழுவுக்கு டேப், இருபது நிமிடம். ஆறு வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். செயல்வழிக் கற்றல் காலத்திலிருந்தே நம் ஆசிரியர்களுக்கு ஒரு குழு ஒரு வேலையிலும் இன்னொரு குழு வேறு வேலையிலும் இருக்கும் வகுப்பை நடத்தத் தெரியும். அந்தத் திறமைதான் இங்கே கைகொடுக்கும். குழுவுக்குள் டேப்பைப் பிடிக்கும் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் போன் வைத்திருக்கும் பையனே கடைசிவரை பிடித்திருப்பான், பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை மட்டும் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

மூன்றாம் வகுப்புக்கு ஸ்டாப் மோஷனும் செய்து பார்க்கலாம். புளியங்கொட்டையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுப்பது. வினாடிக்கு 5 படம் போதும். 10 வினாடிப் படத்துக்கு எத்தனை போட்டோ என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். டேப் ஆடாமல் இரண்டு செங்கலுக்கு நடுவே நிறுத்துங்கள். மேகம் வந்து வந்து போகும் ஜன்னலோரம் வேண்டாம், படம் முழுக்க வெளிச்சம் மினுமினுக்கும்.

பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டில் பிள்ளை போனில் என்ன செய்கிறது? ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது, பிள்ளை விரலைக்கூட அசைப்பதில்லை. பள்ளியில் நடப்பது வேறு என்று நீங்கள் விளக்கினால் யாரும் நம்பப் போவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் கதையை ஒலிக்கவிடுங்கள், நாலு காட்சியையும் காட்டுங்கள். சந்தேகம் அங்கேயே தீரும். ஆறு வேலை நாளுக்கு ஒரு முறை, இருபது நிமிடம், ஐந்து பேருக்கு நடுவில் ஒரு டேப் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வந்த பாட்டிமாரிடம் விடுகதைகளைப் பதிவு செய்யப் பிள்ளைகளை அனுப்புங்கள். அடுத்த முறை அந்தப் பாட்டிகளே உங்கள் பக்கம் பேசுவார்கள்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. பிள்ளைகளின் முகமும் பெயரும் உள்ள வீடியோவை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸிலோ யூடியூபிலோ போட வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஆறு வயதுப் பிள்ளைக்கு மறுக்கத் தெரியாது, அதற்காக நாம்தான் மறுக்க வேண்டும். குரலும் ஓவியமும் மட்டும் இருந்தாலே பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பப் போதுமானது.

செயற்கை நுண்ணறிவு படம் வரைந்து தருகிறதே, அதைப் பயன்படுத்தலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் கையில் வேண்டவே வேண்டாம். அழகான ஆடு ஒரு நொடியில் வந்துவிடும். கோணலான கால்களோடு பிள்ளை வரையும் ஆட்டுக்காகத்தான் நாம் இவ்வளவும் செய்கிறோம். வெறுமனே தொட்டால் வண்ணம் நிரம்பும் செயலிகளையும் இதே காரணத்துக்காக ஒதுக்குங்கள்.

கருவியைக் கொடுத்துவிட்டால் கற்றல் தானே நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் பெருவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஏராளமாகக் கணினிகள் வழங்கப்பட்டன. 319 பள்ளிகளில் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் தேர்வு முடிவுகள் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கணினி பிள்ளைகளைப் போய்ச் சேர்ந்தது. அதை வைத்து இன்றைக்கு என்ன செய்வது, யாரோடு செய்வது, யாருக்குக் காட்டுவது என்று வகுப்பில் யோசிக்க ஆசிரியருக்கு வேண்டிய துணையும் பயிற்சியும் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. உங்களிடம் கருவி குறைவு, ஆனால் 'நியாயமா?' என்று கேட்கும் மனம் இருக்கிறது. எனக்கு அந்தப் பள்ளிகளைவிட உங்கள் வகுப்பின் மீதுதான் நம்பிக்கை அதிகம்.

இந்தப் பருவத்தில் குரல் பதிவை மட்டும் செய்யுங்கள். ஆறு குழுவும் ஆளுக்கொரு கதையைச் சொல்லி, திருத்தி, முடிக்கட்டும். ஸ்கிராட்ச் ஜூனியரை அடுத்த பருவத்தில் எடுக்கலாம், ஸ்டாப் மோஷன் அதற்குப் பிறகு. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளில் ஒருவரையே முதல் கதை சொல்ல அழையுங்கள், டீச்சர்.